போக்சோ வழக்கில் குழந்தையின் பெற்றோருக்குச் சட்டம் தரும் உரிமைகள் என்னென்ன?

தாய்மாமன் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். என் தங்கை மகளுக்கு நேர்ந்த கொடுமை குறித்து அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தோம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் கீழ் முதல் தகவல் அறிக்கை பதிவாகி, குழந்தை நீதித்துறை நடுவரிடம் வாக்குமூலமும் கொடுத்துவிட்டாள். ஊர், பள்ளி, குற்றஞ்சாட்டப்பட்டவரின் தொழில் ஆகியவற்றை வேண்டுமென்றே எழுதாமல் விடுகிறேன்.

அதன்பிறகு எங்களுக்கு ஒரு தகவலும் இல்லை. அவர் பிணையில் வெளியே வந்துவிட்டார் என்பதே, தெருமுனை மளிகைக் கடையில் அவரை நேருக்கு நேர் பார்த்துவிட்டு என் தங்கை பதறிப்போய் வீடு திரும்பியபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. நிலையத்தில் போய்க் கேட்டால், வழக்கை நடத்துவது அரசாங்கம், கூப்பிடும்போது வந்து சாட்சி சொன்னால் போதும் என்கிறார்கள். தங்கையின் கணவர் லாரி ஓட்டுநர். மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பவர். இதற்கிடையே ஊரில் சில பெரியவர்கள், பெண்பிள்ளை விஷயம் என்பதால் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு காதும் காதும் வைத்தாற்போல் முடித்துவிடலாம் என்று வீட்டுக்கே வந்து பேசுகிறார்கள். பெற்றோர் இந்த வழக்கில் வெறும் சாட்சிகள்தானா, அல்லது கேட்டுப் பெறக்கூடிய உரிமைகள் அவர்களுக்கு உண்டா என்பதை விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

நெறியாளர்

விவரங்களைத் தவிர்த்து எழுதியதற்கு நன்றி. மறுமொழி எழுதும் அனைவரும் இதையே பின்பற்ற வேண்டும். குழந்தையின் பெயர், முகவரி, குடும்பம், பள்ளி, வசிக்கும் பகுதி என அடையாளம் காட்டக்கூடிய எதையும் வெளியிடுவது போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவின்படி தண்டனைக்குரியது. குழந்தையின் நலன் கருதி அதற்கு விலக்கு அளிக்கும் அதிகாரம் சிறப்பு நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு. நியாயம் கேட்கும் வேகத்தில் உறவினரே புகைப்படத்தைப் பகிர்ந்தாலும் சட்டம் அதை ஏற்பதில்லை. ஜம்மு காஷ்மீரின் கத்துவாவில் சிறுமி ஒருத்தி வன்கொடுமை செய்து கொல்லப்பட்ட வழக்கில் குழந்தையின் பெயரை வெளியிட்ட ஊடக நிறுவனங்கள் ஒவ்வொன்றும் 10 லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்று 2018இல் டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதை நினைவில் கொள்க.

வக்காலத்து

ஐயா, நான் கீழமை நீதிமன்றங்களில் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் தரப்பில் ஆஜராகி வருகிறேன். உங்களுக்குச் சொல்லப்பட்ட பதிலில் பாதி மட்டுமே சரி. வழக்கை நடத்துவது அரசுதான். ஆனால் பெற்றோர் அழைத்தால் மட்டும் வர வேண்டியவர்கள் என்பது சட்டத்தில் எங்கும் இல்லை.

முதலில் தகவல் பெறும் உரிமையை எடுத்துக்கொள்வோம், ஏனெனில் மற்ற எல்லா உரிமைகளும் அதன் மேல்தான் நிற்கின்றன. 2020ஆம் ஆண்டின் போக்சோ விதிகளில் 4ஆவது விதியைப் படியுங்கள். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது, குற்றஞ்சாட்டப்பட்டவர் கைதானாரா, குற்றப்பத்திரிகை தாக்கலானதா, பிணையில் விடப்பட்டாரா, நீதிமன்றத் தேதிகள் எவை, தீர்ப்பு என்ன, தண்டனை என்ன என்பது வரை குழந்தைக்கும் பெற்றோருக்கும் தெரிவிக்க வேண்டிய கடமையை அது காவல்துறையின் மீது சுமத்துகிறது. குழந்தைக்குரிய உரிமைகளும் சேவைகளும் அடங்கிய 'படிவம் அ' என்ற தாளையும் அவர்கள் தர வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். சில நிலையங்களில் மனு ஏற்பு ரசீதான சி.எஸ்.ஆரை மட்டும் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அது முதல் தகவல் அறிக்கை ஆகாது என்பதை இந்த இழையைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன். கைது செய்வதற்குரிய குற்றம் பற்றிய தகவல் வந்தால் வழக்குப் பதிவு கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் 2013ஆம் ஆண்டே உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்துவிட்டது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 193ஆவது பிரிவு, போக்சோவின் முக்கியமான குற்றங்களில் புலன்விசாரணையை இரண்டு மாதங்களுக்குள் முடிக்கச் சொல்கிறது. விசாரணையின் முன்னேற்றத்தைப் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ 90 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. குற்றப்பத்திரிகை தாக்கலானதும் அதனுடன் இணைந்த ஆவணங்களின் நகலைக் குழந்தைக்கும் பெற்றோருக்கும் நடுவர் வழங்க வேண்டும் என்பது போக்சோவின் 25ஆவது பிரிவு. நகலைக் கேட்டு வாங்கிய பெற்றோரை நான் மிகக் குறைவாகவே பார்த்திருக்கிறேன். வாங்கிப் படித்தால்தான், நீங்கள் சொன்ன ஒரு சாட்சியின் பெயர் விட்டுப்போயிருப்பதோ, நிகழ்ந்த தேதி தவறாகப் பதிவாகியிருப்பதோ, குற்றத்தின் தன்மைக்கு ஏற்ற பிரிவு சேர்க்கப்படாமல் இருப்பதோ தெரியவரும். சாட்சிக் கூண்டில் குறுக்கு விசாரணை நடக்கும்போது தெரிந்து என்ன பயன்?

அடுத்தது வழக்குரைஞர். போக்சோவின் 40ஆவது பிரிவு, குழந்தையின் குடும்பம் தான் விரும்பும் வழக்குரைஞரை அமர்த்திக்கொள்ளலாம் என்றும், வசதி இல்லையெனில் சட்டப்பணிகள் ஆணைக்குழு ஒருவரை ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும் கூறுகிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இந்த உதவி வருமான வரம்பு பாராமல் கிடைக்கும். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கும். இந்த வழக்குரைஞரின் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். அவர் சிறப்பு அரசு வழக்குரைஞருக்குத் துணையாகச் செயல்படலாம், சாட்சியப் பதிவு முடிந்தபின் நீதிமன்ற அனுமதியுடன் எழுத்துமூல வாதம் தரலாம். தாமாக எழுந்து சாட்சிகளை விசாரிக்க முடியாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இருந்தாலும், அரசு வழக்குரைஞரின் மேசையில் கட்டுகட்டாக வழக்குகள் குவிந்திருக்கும் நிலையில், இந்த ஒரு குழந்தையின் வழக்கை மட்டும் முழுவதும் படித்துவிட்டு அருகில் நிற்கும் ஒருவர் எவ்வளவு பெரிய துணை என்பதை நான் அன்றாடம் காண்கிறேன்.

பிணை விஷயத்தில் உங்கள் குடும்பத்துக்கு நேர்ந்தது நேர்ந்திருக்கக் கூடாது. 16 வயதுக்குட்பட்ட சிறுமிக்கு எதிரான பாலியல் வன்புணர்வு வழக்கென்றால், பிணை மனு விசாரணையில் புகார்தாரரோ அவரால் அதிகாரம் பெற்றவரோ இருந்தாக வேண்டும் என்று சன்ஹிதாவின் 483ஆவது பிரிவு கூறுகிறது. அந்தப் பிரிவுக்குள் வராத வழக்காக இருந்தாலும், புலன்விசாரணை தொடங்கி மேல்முறையீடு முடியும்வரை ஒவ்வொரு கட்டத்திலும் பாதிக்கப்பட்டவர் தம் தரப்பைச் சொல்ல உரிமை உண்டு என்று விவசாயிகள் மீது வாகனம் ஏற்றப்பட்ட லக்கிம்பூர் கேரி சம்பவம் தொடர்பான வழக்கில் 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அந்த வழக்கில், பாதிக்கப்பட்டோரின் தரப்பை முறையாகக் கேட்காமல் வழங்கப்பட்ட பிணையே ரத்தானது. பிணையில் வந்தவர் குழந்தையின் வீட்டுப் பக்கம் நடமாடினாலோ ஆள்விட்டு மிரட்டினாலோ, பிணையை ரத்து செய்யக் கோரி நீங்களே மனு செய்யலாம். பிணை உத்தரவின் நகலை முதலில் வாங்கிப் பாருங்கள். விதிக்கப்பட்ட நிபந்தனையை மீறித்தான் அவர் அந்தத் தெருவில் நடமாடுகிறாரோ என்பது அதில் தெரிந்துவிடும்.

ஒரு தாய்

நான் இந்தப் பாதையில் நடந்து வந்தவள். சட்டப் பிரிவுகளை மேலே உள்ளவர் சொல்லிவிட்டார்; நீதிமன்ற நாள் எப்படி இருக்கும் என்பதை நான் சொல்கிறேன்.

சாட்சியம் சொல்லப் போன அன்று, குற்றஞ்சாட்டப்பட்டவரும் அவருடைய ஆட்களும் நிற்கும் அதே தாழ்வாரத்தில் எங்களையும் காத்திருக்கச் சொன்னார்கள். என் மகள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்குப் போகலாம் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். சட்டப்பணிகள் ஆணைக்குழு அனுப்பிய வழக்குரைஞர் அம்மா உள்ளே போய்ச் சொன்ன பிறகே தனி அறை திறந்துவிடப்பட்டது. குழந்தை குற்றஞ்சாட்டப்பட்டவரைப் பார்க்க நேரக் கூடாது, அதற்குத் திரையோ ஒருவழிக் கண்ணாடியோ காணொலியோ பயன்படுத்தலாம் என்பது 36ஆவது பிரிவு என்று அன்றுதான் அவர் எனக்குச் சொன்னார். எதிர்த்தரப்பு வழக்குரைஞர் குழந்தையிடம் நேரடியாகக் கேள்வி கேட்கக் கூடாது, கேள்விகளை நீதிபதியிடம் கொடுத்து நீதிபதிதான் கேட்க வேண்டும், நடத்தையைக் கொச்சைப்படுத்தும் கேள்விக்கு இடமில்லை, குழந்தை கேட்டால் இடைவேளை தர வேண்டும் என்பதெல்லாம் 33ஆவது பிரிவில் இருக்கின்றன. நீதிபதி மேடையிலிருந்து இறங்கி வந்து அவளுக்குப் பக்கத்தில் அமர்ந்து கேட்டார். அதன் பிறகே அவள் வாய் திறந்தாள்.

விசாரணை மூடிய அறையில், பெற்றோர் அல்லது குழந்தை நம்பும் ஒருவர் முன்னிலையில் நடக்க வேண்டும் என்று 37ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் நாமும் அந்த வழக்கில் சாட்சியாக இருப்பதால், நம் சாட்சியம் முடியும்வரை வெளியே இருக்கச் சொல்லும் நீதிமன்றங்களும் உண்டு. எனக்கு அப்படித்தான் ஆயிற்று. அந்த நேரத்தில் குழந்தையின் கையைப் பிடித்துக்கொள்ள இன்னொரு நம்பிக்கையான ஆளை முன்கூட்டியே தயார் செய்துவையுங்கள். சித்தியோ பாட்டியோ, வழக்கு முடியும்வரை குழந்தைக்குத் துணை நிற்க நியமிக்கப்படும் ஆதரவு நபரோ யாராக இருந்தாலும் சரி, குழந்தையைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

நாட்டாண்மை

கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். நானும் பேத்திகள் உள்ளவன்தான். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கிறது. பெண் வளர்ந்து, படித்து, திருமண வயதுக்கு வந்த பிறகும் சம்மன் வீட்டுக் கதவைத் தட்டுகிறது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. பெற்ற பிள்ளைக்கு எது நல்லது என்று பெற்றவர்களுக்குத் தெரியாதா? அவர்கள் மனமுவந்து சமாதானமாகப் போக விரும்பினால், அதையும் ஒரு உரிமையாகச் சட்டம் ஏற்க வேண்டாமா?

வக்காலத்து

பெரியவருக்கு வணக்கம். வழக்கு இழுத்தடிக்கப்படுவது பற்றிய உங்கள் வருத்தம் நியாயமானது. நீதிமன்றம் வழக்கைக் கையில் எடுத்த 30 நாட்களுக்குள் குழந்தையின் சாட்சியத்தைப் பதிவு செய்யவும், கூடியவரை ஓராண்டுக்குள் விசாரணையை முடிக்கவும் 35ஆவது பிரிவு சொல்கிறது. பல இடங்களில் அது நடப்பதில்லை. அதற்கான பரிகாரம் விரைந்து முடிக்கக் கோரி மனு செய்வது, தேவைப்பட்டால் உயர் நீதிமன்றத்தில் காலவரம்பு கேட்பது.

சமாதானம் பேசும் உரிமை மட்டும் பெற்றோருக்கு இல்லை. ராஜஸ்தானில் ஓர் ஆசிரியர் மீதான போக்சோ வழக்கை, மாணவியின் தந்தை சமரசம் செய்துகொண்டார் என்பதற்காக உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2024 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை நீக்கி வழக்கைத் தொடரச் சொன்னது. காரணம் எளிது. காயம் பட்டது குழந்தைக்கு. பெற்றோரின் கையில் இருக்கும் ஒவ்வொரு உரிமையும் குழந்தையின் உரிமை. அவள் சிறியவள் என்பதால் அவள் சார்பில் அவர்கள் அதை வைத்திருக்கிறார்கள். அவளுக்காகக் கேட்கலாம், வாதாடலாம், மேல்முறையீடு செய்யலாம், ஆனால் அவளுடையதை விற்க முடியாது. பணம் கைமாறிய பிறகு என்ன நடக்கும் என்பதையும் யோசியுங்கள். நடுவரிடம் உண்மையைச் சொன்ன அதே குழந்தை, நீதிமன்றத்தில் அப்படி எதுவும் நடக்கவில்லை என்று சொல்லும்படி வீட்டாரே அவளைப் பழக்க வேண்டியிருக்கும். தன் சொல்லைத் தன் பெற்றோரே பொய்யாக்கினார்கள் என்ற நினைப்போடு அந்தக் குழந்தை வளர வேண்டுமா?

தவிர, இதை மறைப்பவர்களுக்கும் பொறுப்பு உண்டு. குற்றம் நடந்தது தெரிந்தும் தெரிவிக்காதவருக்கு ஆறு மாதம் வரையும், தமக்குக் கீழுள்ளவர் செய்ததை மறைத்த நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரையும் சிறைத் தண்டனை விதிக்க 21ஆவது பிரிவு இடம் தருகிறது.

ஆதரவு நபர்

குழந்தைகள் நலக் குழு வழியாக நியமிக்கப்படும் ஆதரவு நபராகப் பணியாற்றுகிறேன். சமாதானம் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் குடும்பத்தின் வறுமையைப் பார்த்துத்தான் வருகிறார்கள். அதனால் சட்டப்படி கிடைக்கும் பணத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

போக்சோ விதிகளின் 8ஆவது விதியின்படி, உணவு, உடை, போக்குவரத்து போன்ற உடனடித் தேவைகளுக்குக் குழந்தைகள் நலக் குழு பணம் வழங்கப் பரிந்துரைக்கலாம். பரிந்துரை கிடைத்த ஒரு வாரத்துக்குள் தொகை தரப்பட வேண்டும். வேலையை விட்டுவிட்டுக் குழந்தையுடன் மருத்துவமனைக்கும் நீதிமன்றத்துக்கும் அலையும் தாய்க்குப் பேருந்துக் கட்டணமே பெரும் சுமை என்பது இந்த விதியை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் விண்ணப்பங்கள் மிகக் குறைவாகவே வருகின்றன. அடுத்து 9ஆவது விதி. வழக்கு முடியும்வரை காத்திருக்காமல், முதல் தகவல் அறிக்கை பதிவானபின் எந்தக் கட்டத்திலும் இடைக்கால இழப்பீடு கேட்டுச் சிறப்பு நீதிமன்றத்தில் மனு செய்யலாம். குற்றஞ்சாட்டப்பட்டவர் விடுதலையானாலும், யாரென்றே கண்டுபிடிக்க முடியாமல் போனாலும்கூட, குழந்தை பாதிக்கப்பட்டது உண்மை என்று நீதிமன்றம் கருதினால் இழப்பீடு வழங்கலாம். உத்தரவு கிடைத்த 30 நாட்களுக்குள் அரசு அதைச் செலுத்த வேண்டும். போக்சோவுக்கெனத் தனி விதிகள் வரும்வரை தேசிய சட்டப்பணிகள் ஆணையத்தின் 2018ஆம் ஆண்டுத் திட்டத்தை வழிகாட்டியாகக் கொள்ளுமாறு உச்ச நீதிமன்றம் கூறியது. அதில் பாலியல் வன்புணர்வுக்கு 4 முதல் 7 லட்சம் ரூபாய் வரை குறிப்பிட்டு, பாதிக்கப்பட்டவர் சிறார் எனில் ஒன்றரை மடங்காகக் கணக்கிடச் சொல்லியிருக்கிறார்கள். இதைக் கேட்டுப் பெறுவதில் எந்தக் கூச்சமும் வேண்டாம்.

உங்கள் தங்கை மகளுக்கு ஆதரவு நபர் நியமிக்கப்பட்டாரா என்று எழுதவில்லையே? காவல்துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கு வழக்கைத் தெரிவித்திருக்க வேண்டும். ஆதரவு நபர் உண்டு என்பதையும் அவரைக் கேட்டுப் பெறலாம் என்பதையும் பெற்றோருக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு ஒரு கடிதம் கொடுங்கள். 1098 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். குற்றஞ்சாட்டப்பட்டவர் வீட்டுக்குள்ளேயே இருப்பவர் என்றாலோ, பெற்றோரில் ஒருவர் அவரைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்றாலோ, குழந்தையை அந்த வீட்டிலிருந்து விலக்கி வைக்க வேண்டுமா என்று குழு மூன்று நாட்களுக்குள் விசாரித்து முடிவெடுக்கும். அங்கே பெற்றோரின் உரிமை பின்னுக்குப் போய்விடும், போகவும் வேண்டும்.

ஆசிரியை

நான் மேல்நிலைப் பள்ளியில் கற்பிக்கிறேன். 17 வயதுப் பெண் விரும்பிய பையனுடன் சென்றுவிட்டாள் என்பதற்காக, சாதி வேறு என்ற ஒரே கோபத்தில் பெற்றோர் போக்சோ புகார் கொடுப்பதையும் பார்க்கிறேன். அங்கே பெற்றோரின் உரிமை குழந்தைக்கு எதிராகவே திரும்பிவிடுகிறதே?

வக்காலத்து

உண்மைதான், அது இந்தச் சட்டத்தின் வலிக்கும் இடம். 18 வயதுக்குட்பட்டவரின் சம்மதத்தைச் சட்டம் கணக்கில் கொள்வதில்லை. இருந்தும் 2021 ஜனவரியில், விஜயலட்சுமி எதிர் அரசு என்ற வழக்கில், வளரிளம் பருவத்தினரின் காதல் உறவுகளைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கமல்ல என்று கூறிச் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. அந்த மனுவில் பாதிக்கப்பட்டவராகக் குறிப்பிடப்பட்ட பெண்ணின் விருப்பத்தையே நீதிமன்றம் கேட்டறிந்தது. ராஜஸ்தான் வழக்கில் தந்தையின் சமரசத்துக்கு இடம் கிடைக்கவில்லை, இங்கே பெண்ணின் குரலுக்கு இடம் கிடைத்தது. இரண்டிலும் குழந்தையின் நலனே முன்வைக்கப்பட்டது என்று நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் இந்தத் தீர்ப்பைக் காட்டி, வயதில் மூத்த ஒருவர் சிறுமியைச் சுரண்டியதைக் காதல் என்று பெயர் சூட்டித் தப்ப முயல்வதும் நடக்கிறது. தொடங்கியவரின் வழக்கு இந்த வகையைச் சேர்ந்ததல்ல என்பதால் இதோடு நிறுத்துகிறேன்.

தாய்மாமன்

அனைவருக்கும் நன்றி. தங்கையும் நானும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குச் சென்று வழக்குரைஞர் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டோம். பிணை உத்தரவின் நகலுக்கும் மனு செய்திருக்கிறோம். ஆதரவு நபர் என்று ஒருவர் உண்டு என்பதே எங்களுக்கு இதுவரை தெரியாது. இரண்டு சந்தேகங்கள் மிச்சம் உள்ளன. எதிர்த்தரப்பு உள்ளூரில் செல்வாக்கு உள்ளவர்கள்; மிரட்டல் அதிகமானால் என்ன செய்வது? தீர்ப்பு பாதகமாக வந்தால், அரசு மேல்முறையீடு செய்யும்வரை நாங்கள் காத்திருக்க வேண்டுமா?

வக்காலத்து

மிரட்டலுக்கு, 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் விண்ணப்பித்தால், காவல்துறையிடமிருந்து அச்சுறுத்தல் குறித்த அறிக்கையை வரவழைத்து, வீட்டுக்குக் காவல், நீதிமன்றத்துக்குப் பாதுகாப்புடன் அழைத்துச் செல்லுதல் போன்றவற்றை அவர்கள் உத்தரவிடலாம். மிரட்டியவர் பெயர், நாள், நேரம், சொன்ன வார்த்தை ஆகியவற்றை அன்றன்றைக்கே ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். அழைப்பு வந்த கைபேசியை மாற்றிவிடாதீர்கள். நிலைமை மிக மோசமானால் வழக்கை வேறு நீதிமன்றத்துக்கு மாற்றக் கோரவும் வழி உண்டு. கத்துவா வழக்கில் குழந்தையின் தந்தை உச்ச நீதிமன்றத்தை நாடியதன் பேரில்தான், 2018 மே மாதம் விசாரணை ஜம்மு காஷ்மீரிலிருந்து பஞ்சாபின் பதான்கோட்டுக்கு மாற்றப்பட்டு, குடும்பத்துக்கும் அவர்களின் வழக்குரைஞருக்கும் பாதுகாப்பு தொடர்ந்தது. அடுத்த ஆண்டு ஜூனில் ஆறு பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது.

மேல்முறையீட்டுக்கு நீங்கள் அரசை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. குற்றஞ்சாட்டப்பட்டவர் விடுதலையானாலும், குறைந்த குற்றத்துக்கு மட்டும் தண்டிக்கப்பட்டாலும், இழப்பீடு போதாமல் இருந்தாலும், பாதிக்கப்பட்டவர் நேரடியாக மேல்முறையீடு செய்யலாம் என்று சன்ஹிதாவின் 413ஆவது பிரிவு கூறுகிறது. பாதிக்கப்பட்டவர் என்ற சொல்லின் வரையறைக்குள் அவருடைய காப்பாளரும் அடங்குவார் என்பதால், உங்கள் தங்கையும் அவர் கணவரும் கையெழுத்திட்டே அதைத் தாக்கல் செய்ய முடியும். விடுதலைக்கு எதிராகப் பாதிக்கப்பட்டவர் செய்யும் மேல்முறையீட்டுக்கு முன் அனுமதி தேவையில்லை என்று மல்லிகார்ஜுன் கோடகலி வழக்கில் 2018இல் தீர்ப்பானது. தண்டனையின் அளவு குறைவு என்பதற்காக மட்டும் செல்லும் வழி இந்தப் பிரிவில் இல்லை. அதை அரசுதான் செய்ய முடியும், அதற்கு அரசு வழக்குரைஞர் அலுவலகத்தில் எழுத்துமூலம் வற்புறுத்தலாம். தீர்ப்பு நாளன்றே சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

ஒரு தாய்

நிலையத்திலும் நீதிமன்றத்திலும் கொடுக்கும் ஒவ்வொரு மனுவுக்கும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் தங்கை தனியாக அலைய வேண்டியிருந்தால், நெறியாளர் வழியாக எனக்குத் தனிச்செய்தி அனுப்பச் சொல்லுங்கள். பக்கத்து மாவட்டமாக இருந்தால் சாட்சியத் தேதியன்று நான் கூட வருகிறேன்.